'நைஸ்' என்ற சொல்லும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அகராதியும்

எந்த ஆங்கில அகராதி கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது 'நைஸ்' என்ற சொல்லைத்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல். 'நல்ல, இனிய' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிற அகராதி எனக்கு உதவாது. 'நுட்பமான' என்ற பொருளையும் சேர்த்துத் தந்தால் பரவாயில்லை, மேசையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வேன். அந்தச் சொல் ஒரு காலத்தில் 'மடத்தனமான' என்று பொருள்பட்டது என்பதையும், அங்கிருந்து எந்தெந்த நூற்றாண்டில், யார் யார் எழுதிய வாக்கியங்களின் வழியாக இன்றைய பொருளுக்கு நடந்து வந்தது என்பதையும் ஆண்டு போட்டுக் காட்டுகிற அகராதி வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குத்தான் போக வேண்டும்.

அதன் முழுப் பதிப்பு வாங்க என்னிடம் பணமும் இல்லை, வைக்க வீட்டில் இடமும் இல்லை. என்னிடம் இருப்பது 1971இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட கையடக்கப் பதிப்பு. 'கையடக்கம்' என்பது அவர்கள் வைத்த பெயர். கையில் அடங்காது. பன்னிரண்டு பெருந்தொகுதிகளையும் 1933இல் வந்த பிற்சேர்க்கைத் தொகுதியையும் படமெடுத்துச் சுருக்கி, மூலத்தின் நான்கு பக்கங்களை ஒரு பக்கத்தில் அடக்கி, இரண்டே தொகுதிகளாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு சொல்கூட வெட்டப்படவில்லை. அச்சு மட்டும்தான் சிறுத்திருக்கிறது. இரண்டு தொகுதிகளும் ஓர் உறைப்பெட்டிக்குள் நிற்கும். அந்தப் பெட்டியின் தலையில் ஒரு சிறு இழுப்பறை. அதற்குள் ஒரு பூதக்கண்ணாடி. அகராதியை வாங்கினால் கண்ணாடியும் சேர்ந்தே வரும், ஏனென்றால் அது இல்லாமல் இந்தப் புத்தகத்தைப் பெரும்பாலானோரால் படிக்க முடியாது.

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடைதான் பெரும்பாலும் என் வேலை. இன்றைய ஆங்கிலத்துக்கு நல்ல அகராதிகள் ஏராளம். பழைய ஆங்கிலத்தில்தான் ஆபத்து இருக்கிறது. அதிலும் கடினமான சொற்களால் ஆபத்து இல்லை, தெரியாத சொல்லை யாரும் அகராதியில் பார்த்துவிடுவார்கள். தெரிந்த சொல்லை யாரும் பார்ப்பதில்லை. இந்த அகராதியை நான் வாங்கியதற்கு அதுதான் காரணம்.

திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலையில் பழைய புத்தகம் விற்கிற ஒருவரிடம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரின் வீட்டைக் காலி செய்தபோது வந்த சரக்கு என்றார். முதல் தொகுதி மட்டும் போதுமா என்று விலையைக் குறைக்கப் பார்த்தேன். "இரண்டையும் சேர்த்துத்தான் தருவேன், அம்மா. பிரித்துவிட்டால் இரண்டுமே வீண்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது இந்தக் கட்டுரையிலேயே பின்னால் தெரியும். நாலாயிரம் ரூபாய்க்குப் படிந்தது. அதே விலைக்கு இன்றைய நடுத்தர அகராதிகள் இரண்டு புதிதாக வாங்கியிருக்கலாம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

படிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இதை வாங்க நினைப்பவர்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். மூல அகராதியில் பக்கத்துக்கு மூன்று பத்திகள். நான்கு பக்கங்கள் ஒன்றாகும்போது விரித்த ஒரு பக்கத்தில் பன்னிரண்டு பத்திகள் நிற்கும். மேல் வரிசையில் இரண்டு குட்டிப் பக்கங்கள், கீழ் வரிசையில் இரண்டு. மேலே இடப்பக்கத்தில் இருப்பதை முடித்து, மேலே வலப்பக்கத்துக்குப் போய், பிறகு கீழே இறங்க வேண்டும். பழகாதவர்கள் ஒரே பத்தியில் மேலிருந்து அடி வரை நேராக இறங்கிவிடுவார்கள், சொல் சட்டென்று வேறொன்றாகிவிடும். தலைச்சொற்கள் தடித்த எழுத்தில் இருப்பதால் தேடும்வரை வெறுங்கண் போதும். பொருளும் மேற்கோளும் படிக்கத்தான் கண்ணாடி. புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்க முடியாது, மேசை வேண்டும். ஜன்னலோர வெளிச்சம் சிறந்தது. இரவில் என்றால் மேசை விளக்கை இடப்பக்கம் தாழ்த்தி வைக்க வேண்டும். தலைக்கு மேலே எரிகிற குழல் விளக்கு கண்ணாடியில் பளீரென்று பிரதிபலித்து எழுத்தை மறைத்துவிடும்.

இனி 'நைஸ்'. முதல் தொகுதியில், 'ஓ' எழுத்தோடு முடிகிற பாதியில் இருக்கிறது. தலைச்சொல்லுக்குப் பின் உச்சரிப்பு, அதன் பின் இந்தச் சொல் எழுதப்பட்டு வந்த வடிவங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் முன்னால் ஒற்றை இலக்கம் இருக்கும். 4 என்றால் பதினான்காம் நூற்றாண்டு, 6 என்றால் பதினாறாம் நூற்றாண்டு. இடத்தை மிச்சப்படுத்த அவர்கள் கண்டுபிடித்த வழி இது. முன்னுரையைப் படிக்காமல் இறங்கினால் ஒன்றும் புரியாது. அதற்கடுத்துச் சதுர அடைப்புக்குள் பிறப்பு. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். 'நெ' என்பது எதிர்மறை, 'ஸ்கீரே' என்பது அறிதல். அறிவியலைக் குறிக்கும் 'சயின்ஸ்' என்ற சொல்லும், மனச்சாட்சியைக் குறிக்கும் 'கான்ஷியன்ஸ்' என்ற சொல்லும் அதே 'ஸ்கீரே'யிலிருந்து முளைத்தவை. அறியாமையின் பெயராகப் பிறந்த சொல் இன்று பாராட்டாகப் புழங்குகிறது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

பிறகு பொருள்கள் வரிசையாக வருகின்றன. வழக்கொழிந்த பொருளுக்கு முன்னால் சிறிய குறுவாள் குறி ஒன்று போட்டிருப்பார்கள். 'நைஸ்' பதிவின் முதல் பகுதி முழுவதும் குறுவாள்கள்தாம். மடத்தனமான. ஒழுக்கம் தளர்ந்த. விசித்திரமான. சோம்பலான, மென்மை மிஞ்சிய. கூச்சமுள்ள. ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் வந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், 'மடத்தனமான' என்ற பொருளோடு. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'எதையும் எளிதில் ஏற்காத, நுணுக்கம் பார்க்கிற' என்ற பொருள் தலைகாட்டுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் 'துல்லியமான, நுட்பமான' என்ற பொருள் வேர் பிடிக்கிறது. சட்டத்தில் நுட்பமான ஒரு கேள்வியை 'நைஸ்' என்று இன்றும் ஆங்கிலத்தில் சொல்வது அந்தக் கிளையில் மிஞ்சியிருக்கும் இலை. நாம் அறிந்த 'இனிய' என்ற பொருளுக்கு 1769ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று சான்றாக வருகிறது. மாலையில் ஓர் இனிய நடை போகப்போவதாக ஒரு பெண்மணி எழுதுகிறார். அவ்வளவுதான் வாக்கியம். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பயணம் அந்த எளிய மாலை நடையில் வந்து முடிகிறது. 'அன்பான, பரிவுள்ள' என்று மனிதர்களைக் குறிக்கும் பொருள் இன்னும் பிந்தியது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது.

இந்தப் பதிவில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான இடம் பிறப்புக்கு அடுத்து வரும் சிறு குறிப்பு. இச்சொல் அடைந்த வெவ்வேறு பொருள்கள் எப்படிக் கிளைத்தன என்பது முழுவதும் தெளிவாக இல்லை என்றும், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு எடுத்துக்காட்டுகள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளை மனத்தில் வைத்திருந்தார் என்று சொல்வது கடினம் என்றும் பதிப்பாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் அறிந்த தொனியில் பேசுவதற்கு எல்லாத் தகுதியும் உள்ள ஒரு நூல், தெளிவில்லாத இடத்தைத் தெளிவில்லை என்றே அச்சிட்டிருக்கிறது. மற்ற அகராதிகள் அந்த மூடுபனியை மறைத்துவிட்டு ஒரு நேர்கோடு வரைந்து தருகின்றன. மொழிபெயர்ப்பவருக்கு அந்த நேர்கோடு தீங்கு செய்யும்.

ஒரு சான்று. 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் ஐந்தாம் அங்கம். பாதிரியார் லாரன்ஸ் அனுப்பிய கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை. செய்தி தெரிந்ததும் அவர் பதறுகிறார்: அந்தக் கடிதம் 'நைஸ்' ஆனதன்று, பெரும் பொறுப்பைச் சுமந்தது என்கிறார். இன்றைய பொருளை வைத்துக்கொண்டு 'கடிதம் இனிமையானதன்று' என்று மொழிபெயர்த்தால் காட்சியே கவிழ்ந்துவிடும். அங்கே அதற்கு 'அற்பமான' என்று பொருள். அது சாதாரணக் கடிதம் இல்லையே என்று அவர் அலறுகிறார். அதே நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், சண்டை எவ்வளவு அற்பமானது என்று எண்ணிப் பார்க்கும்படி ரோமியோ கேட்டுக்கொண்டதாகப் பென்வோலியோ சொல்லுமிடத்திலும் இதே சொல்தான். 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தில், இப்படிப்பட்ட நேரத்தில் சின்னச் சின்னக் குற்றத்தையெல்லாம் துருவக் கூடாது என்று காசியஸ் புரூட்டஸிடம் சொல்லுமிடத்திலும் இதுவே. நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்த நாடகங்கள் இவை. 'அற்பமான' என்ற பொருளைச் சிறிய அகராதிகளில் தேடினால் கிடைக்காது. இந்த அகராதியில் அது குறுவாள் குறியோடு, தன் காலத்து மேற்கோள்களோடு நிற்கிறது.

1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயனுள்ளது. அவர் தரும் பொருள்கள் எல்லாம் துல்லியம், நுணுக்கம், மென்மை, மிகையான கறார்த்தனம் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. 'இனிய' என்பது அதில் இல்லை. பதினான்கு ஆண்டு கழித்து அந்த மாலை நடைக் கடிதம் வருகிறது. இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, ஒரு பொருள் பேச்சில் பிறந்து எழுத்துக்குள் நுழைகிற தருணம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஜேன் ஆஸ்டின் இறந்த பின், 1817இன் இறுதியில் வெளிவந்த 'நார்த்தேங்கர் அபி' நாவலில் ஹென்றி டில்னி என்ற இளைஞன் இந்தச் சொல்லைப் பெண்கள் கண்ட இடத்தில் எல்லாம் பயன்படுத்துவதாகக் கேலி செய்வான். தொடக்கத்தில் அது நேர்த்தி, தகுதி, மென்மை, நயம் ஆகியவற்றை மட்டுமே குறித்திருக்க வேண்டும் என்று பாடம் நடத்துவான். இந்த அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பதில் சொல்லலாம். அவன் 'தொடக்கம்' என்று காட்டுவது நடுவழி. தொடக்கத்தில் அது மடமையைத்தான் குறித்தது. சொல்லின் உண்மையான பொருள் பழைய பொருள்தான் என்று வாதிடுகிற எல்லோரும் தங்களுக்கு வசதியான ஓர் ஆண்டில் கோடு கிழித்துக்கொள்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு அப்பால் என்ன இருந்தது என்பதைக் காட்டுகிற துணிவு இந்த நூலுக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் இப்படி, பின்னர் இப்படி, இப்போது இப்படி என்று மட்டும் சொல்லும். எது சரி என்று தீர்ப்பெழுதாது.

நம் ஊர்ச் சமையலறையிலும் இந்தச் சொல் வாழ்கிறது. இட்லிக்கு உளுந்தை நைஸாக அரைக்க வேண்டும் என்கிறோம். திப்பியில்லாமல், நொய்யில்லாமல், விரலுக்கு வழவழப்பாக. ஆங்கிலேயர் இன்று மாவைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டார்கள். நுட்பம், மென்மை என்ற நடுக்காலப் பொருளுக்கு நம் உளுந்து மாவு அவர்களுடைய தேநீர் மேசையைவிட அருகில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. யாருக்கும் தெரியாமல் நைஸாக நழுவிவிட்டான் என்றும் சொல்கிறோம். அது முழுக்க முழுக்க நம் சொந்த வளர்ச்சி. இவை இரண்டும் இந்த அகராதியில் இல்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

'நைஸ்' மேலேறி வந்த சொல் என்றால் 'ஸில்லி' கீழிறங்கிய சொல். இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கும் 'ஸில்லி' இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. அதைத் திறந்தால், இது 'ஸீலி' என்ற பழைய சொல்லின் பிந்திய வடிவம், அங்கே போய்ப் பார் என்கிறது. போனால், பேறு பெற்ற, இறையருள் பெற்ற என்ற பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் அதன் உறவுச்சொல் அந்தப் பொருளோடு இருக்கிறது. அருள் பெற்றவன் சூதறியாதவன் ஆனான். சூதறியாதவன் இரங்கத்தக்கவன் ஆனான். இரங்கத்தக்கவன் அசடன் ஆனான். ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' மூன்றாம் பாகத்தில் இடையர்கள் தங்கள் 'ஸில்லி' ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதாக வருமே, அவை அசட்டு ஆடுகள் இல்லை, சூதுவாதற்ற ஆடுகள். இந்த இரண்டு சொற்களையும் ஒரே நேரத்தில் மேசையில் விரித்து வைத்துப் பார்க்க வேண்டுமானால் இரண்டு தொகுதிகளும் வேண்டும். பைகிராஃப்ட்ஸ் சாலைக்காரர் சொன்னது இதைத்தான். 'நைஸ்' வரும் எழுத்தையும் 'ஸில்லி' வரும் பகுதியையும் பார்த்துக்கொண்டவர் ஒரே பதிப்பாசிரியர், வில்லியம் கிரெய்கி. ஏறிய சொல்லும் இறங்கிய சொல்லும் ஒரே மனிதரின் கையால் ஒழுங்கு பெற்றிருக்கின்றன.

இந்த மேற்கோள்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 1857இல் லண்டன் மொழியியல் சங்கம் தொடங்கிவைத்த யோசனை இது. பொதுமக்கள் புத்தகங்களைப் படித்து, கண்ணில் படும் சொல்லை அதன் வாக்கியத்தோடு ஒரு சீட்டில் எழுதி, நூலின் பெயரும் ஆண்டும் குறித்து அஞ்சலில் அனுப்ப வேண்டும். 1879இல் ஜேம்ஸ் மரே பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றபோது சீட்டுகள் சாக்குச் சாக்காக வந்து இறங்கின. ஒரு சாக்கில் செத்த எலி கிடந்தது என்பார்கள். பதினான்கு வயதில் பள்ளியை விட்ட மனிதர் மரே. சீட்டுகளை அடுக்கத் தன் வீட்டுத் தோட்டத்தில் ஓர் இரும்புக் கொட்டகை கட்டினார். அதில் 1,029 மாடங்கள். அவருடைய பிள்ளைகள் கைச்செலவுக் காசுக்காகச் சீட்டுகளை அகரவரிசைப்படுத்தினார்கள். பத்தாண்டில் முடியும் என்று ஒப்பந்தம் போட்ட வேலை. 1884இல் முதல் பகுதி வந்தபோது 'ஆண்ட்' என்ற சொல் வரைதான், அதாவது எறும்பு வரைதான் எட்டியிருந்தார்கள். முழு அகராதியும் முடிந்தது 1928இல். மரே 1915லேயே இறந்துவிட்டார்.

அந்தத் தொண்டர்களில் ஃபிட்ஸெட்வர்டு ஹாலை நான் தனியாக வணங்குகிறேன். அமெரிக்காவில் பிறந்தவர். 1846இல் கல்கத்தா அருகே கப்பல் உடைந்து இந்தியாவில் கரையேறியவர், இங்கேயே தங்கிச் சமஸ்கிருதம் கற்று, காசியில் அரசுக் கல்லூரியில் ஆசிரியரானார். பிறகு இங்கிலாந்தில் சஃபோக் பகுதியின் ஒரு சிற்றூரில் யாரோடும் அதிகம் பழகாமல் வாழ்ந்தார். 1881 முதல் 1901இல் இறக்கும்வரை நாள்தோறும் பல மணி நேரம் இந்த அகராதியின் மெய்ப்புகளைப் படித்து, விடுபட்ட மேற்கோள்களைச் சேர்த்து அனுப்பினார். ஒரு காசு வாங்கவில்லை. மரேயும் அவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. கண்ணாடிக்குக் கீழே ஒரு பழைய வாக்கியம் தெளிந்து வரும்போது, அதைத் தேடிப் படித்து நகலெடுத்த ஒரு கை இருந்தது என்ற நினைவு எனக்கு வருகிறது. கணினித் திரையில் படிக்கும்போது எனக்கு அது வருவதில்லை.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, இது 1933இல் நின்றுவிட்ட அகராதி. அதற்குப் பின் பிறந்த சொல்லோ பொருளோ இதில் இல்லை. இரண்டாவது, பிற்சேர்க்கை தனியாக இரண்டாம் தொகுதியின் இறுதியில் கிடக்கிறது. எந்தச் சொல்லைப் பார்த்தாலும் அங்கேயும் ஒருமுறை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லின் சீட்டுகள் தொலைந்துபோனதால் அது மூல அகராதியில் விடுபட்டது, பிற்சேர்க்கையில்தான் ஏறியது. குடல்வால் அழற்சியைக் குறிக்கும் 'அப்பெண்டிசைட்டிஸ்' வெறும் மருத்துவச் சொல் என்று விடப்பட்டது. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவே அந்த நோயால் தள்ளிப்போனபோது ஊரெல்லாம் அந்தச் சொல்தான். அதையும் பின்னால்தான் தேட வேண்டும்.

மூன்றாவது குறை, அன்றாடச் சொற்களுக்கே உரியது. 'செட்' போன்ற சிறு வினைச்சொல்லுக்குப் பதிவு பக்கம் பக்கமாக நீள்கிறது. இந்த நூலிலேயே மிக நீண்ட பதிவு அதுதான். எண்கள், அவற்றுக்குள் எழுத்துகள், முன்னிடைச்சொல்லோடு சேரும் கூட்டுகள் என்று கிளைவிடும் அந்தக் காட்டுக்குள் நமக்கு வேண்டிய ஒரு பொருளைத் தேடுவது அரை மணி நேர வேலை. கண்ணாடியோடு என்றால் இன்னும் கூடுதல். உச்சரிப்புக் குறிகள் மரே தாமாக அமைத்தவை. இன்று உலகம் பயன்படுத்தும் ஒலிக்குறிகள் இல்லை. உச்சரிப்புக்காக இதை யாரும் வாங்க வேண்டாம்.

கண்ணைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நல்ல பார்வை உள்ளவருக்கே தொடர்ந்து அரை மணிக்கு மேல் படித்தால் நெற்றி வலிக்கும். கண்ணாடியின் ஓரத்தில் எழுத்து வளையும், நடுப்பகுதி மட்டுமே தெளிவு. அதனால் வரிக்கு வரி கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்புரை உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சென்னைக் காற்றின் ஈரமும் இதற்கு ஆகாது. உறைப்பெட்டிக்குள் அடைத்தே வைத்தால் பூஞ்சணம் வாடை வரும், திறந்தே வைத்தால் வெள்ளிப்பூச்சி வரும். நான் வேப்பிலையைக் காயவைத்துத் துணியில் முடிந்து பெட்டிக்குப் பின்னால் வைக்கிறேன்.

1991இல் இரண்டாம் பதிப்பின் இருபது தொகுதிகளையும் ஒரே தொகுதியாக்கி இன்னொரு கையடக்கப் பதிப்பு வந்தது. அதில் ஒன்பது பக்கங்கள் ஒரு பக்கமாகச் சுருங்கியிருக்கின்றன. உள்ளடக்கத்தில் அதுதான் நிறைவானது, பிற்சேர்க்கைத் தொல்லையும் இல்லை. ஆனால் எழுத்து இன்னும் பொடி. ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன், என் கண்ணுக்கு ஒத்துவரவில்லை. 1971 பதிப்பு வைத்திருப்பவர்களுக்காக 1987இல் மூன்றாம் தொகுதி ஒன்றும் வெளியிட்டார்கள். அது கிடைத்தால் பிந்திய சொற்களின் குறை பெருமளவு தீரும். 2000ஆம் ஆண்டு முதல் அகராதி இணையத்தில் சந்தாவுக்குக் கிடைக்கிறது, பதிவுகளைத் தொடர்ந்து திருத்தியும் வருகிறார்கள். பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக அதைத் திறக்க முடிகிறவர்கள் அதையே பயன்படுத்தட்டும், ஆராய்ச்சிக்கு அதுதான் முறை. இலவசம் வேண்டுமென்றால் டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இணையச் சொற்பிறப்பு அகராதி இருக்கிறது. 'நைஸ்' பற்றி நான் மேலே சொன்ன பொருள் வரிசையும் ஆண்டுகளும் அதில் ஒரே பத்தியில் கிடைக்கும். அவசரத்துக்கு நானும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் பொருளுக்குப் பொருள் அடுக்கிய மேற்கோள்கள் அதில் இருக்காது. ஒரு சொல் 1590இல் இப்படிப் பொருள்பட்டது என்று ஒருவர் சொல்லக் கேட்பது போதாது எனக்கு. அந்த ஆண்டு வாக்கியத்தை நானே படித்து முடிவுக்கு வர வேண்டும்.

தமிழுக்கு இப்படி ஒன்று இல்லையே என்ற ஏக்கம் ஒவ்வொரு முறையும் எழுகிறது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் மாபெரும் பணி. அது மேற்கோள் காட்டும், நூற்பெயர் சொல்லும். ஆனால் எந்தப் பொருள் எந்த நூற்றாண்டில் எழுந்தது, எப்போது மறைந்தது என்று ஆண்டு வரிசையில் வைத்துக் காட்டாது. 'நாற்றம்' நறுமணத்திலிருந்து துர்நாற்றத்துக்கு இறங்கிய வழியை, 'ஸில்லி' இறங்கிய வழியைப் பார்ப்பதுபோல் படிப்படியாக, வாக்கியம் வாக்கியமாகப் பார்க்க எனக்கு ஆசை.

யார் வாங்கலாம்? பழைய ஆங்கில இலக்கியத்தை மொழிபெயர்ப்பவர்கள், ஷேக்ஸ்பியரோ மில்டனோ பாடம் நடத்துகிறவர்கள், கம்பெனிக் காலத்து ஆவணங்களைப் படிக்கும் வரலாற்று மாணவர்கள் கட்டாயம் வாங்கலாம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் அலுவலகக் கடிதம் எழுதுகிறவர்களுக்கும் இது தேவையில்லை, நல்ல ஒற்றைத் தொகுதி அகராதி போதும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். இரண்டாம் தொகுதியின் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, பிற்சேர்க்கை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுத் தளர்ந்த பிரதிகளில் முதலில் உதிர்வது அந்தப் பக்கங்கள்தாம். நடுவில் எங்காவது விரித்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சண வாடை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இழுப்பறையையும் திறந்து பாருங்கள். பழைய பிரதிகளில் கண்ணாடி காணாமல் போயிருப்பது உண்டு. இல்லாவிட்டால் விலையில் முந்நூறு, நானூறு குறைக்கச் சொல்லி, அந்தப் பணத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் விளக்கு பொருத்திய அகலமான பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் படிப்பவர்களுக்குப் பெட்டியோடு வருவதைவிட அதுவே வசதி.